இங்கிலாந்தின் பழைய கடற்கரை ஊர்கள் மேல் ஏன் இந்தப் பிரியம்?

நெய்தல் (சனி, இரவு 9.40)

போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு குரோமர் போய்வந்தேன். நார்விச் வரை பெரிய ரயில், அங்கிருந்து சின்ன ரயிலில் முக்கால் மணி நேரம். ஊர் ஒன்றும் பெரிதில்லை. மேட்டில் ஒரு தேவாலயக் கோபுரம், கீழே மணல், 1901இல் கட்டிய கடல்பாலம். (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டி, அங்கேயே முடிந்துவிடுகிற நடைமேடை. பியர் என்று எழுதினால் குடிக்கிற பியர் ஆகிவிடும், அதனால் கடல்பாலம் என்றே எழுதுகிறேன்.) பாலத்தில் ஒரு நாடகக் கொட்டகை, அதற்கும் அப்பால் முனையில் உயிர்காப்புப் படகு நிலையம். கோடை முழுக்க அந்தக் கொட்டகையில் பாட்டு, நடனம், சிரிப்பு என்று நிகழ்ச்சி நடக்கிறது. ஒருகாலத்தில் கடல்பாலம் இருக்கிற ஊரெல்லாம் இப்படித்தான் இருந்ததாம்.

நான் சொல்ல வந்தது நண்டு பிடிக்கிறதைப் பற்றி. பாலத்துக் கைப்பிடிக் கம்பியோரம் வரிசையாகக் குழந்தைகள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி, கட்டையில் சுற்றிய நூல், நூலின் நுனியில் சின்ன வலைப்பை, அதற்குள் ஒரு துண்டு பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி). தூண்டில் முள் கிடையாது. நூலை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நண்டு வந்து பையைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது, அப்படியே மெதுவாக மேலே தூக்கலாம். வெடுக்கென்று இழுத்தால் பாதி வழியில் பிடியை விட்டு விழுந்துவிடும். என் மகள் மூன்று தடவை கோட்டை விட்டாள். பக்கத்தில் ஒரு தாத்தா தன் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததையே இவளுக்கும் சொன்னார்: மெதுவாக, இன்னும் மெதுவாக. ஆறு வயதில் தானும் இதே கம்பியோரம் நின்றதாகச் சொன்னார். கடைசியில் நாலு நண்டு. சாயங்காலம் எல்லாவற்றையும் கடலிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூரில். அந்த வாளியும் நூலும் என் சின்ன வயசில் இல்லவே இல்லை. ஆனாலும் ஏதோ என்னுடையதை அங்கே வைத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது. வேறு யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

வல்வை மைந்தன் (சனி, இரவு 10.25)

ஓம் தங்கச்சி, இருந்திருக்கிறது. எனக்கு அந்த ஊர் சவுத்எண்ட்.

1991இல் லண்டனுக்கு வந்தேன். ஈஸ்ட்ஹாமில் ஒரே வீட்டில் ஒன்பது பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ரயிலேறிப் போனோம். ஐஸ்கிரீம் டப்பாவில் புட்டு, இன்னொன்றில் கத்தரிக்காய்க் குழம்பு. கடலைப் பார்த்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடலுக்கு முன்னால் பிறந்து வளர்ந்தவனுக்கு அது பெரிய காலம். போய் இறங்கிப் பார்த்தால் கடலைக் காணவில்லை. வற்று நேரம். கண்ணுக்கு எட்டின மட்டும் சேறு, அதில் சரிந்து கிடக்கிற வள்ளங்கள். எங்களோடு வந்த ஒரு பெடியன் அழுகிற மாதிரி நின்றான்.

அந்தச் சேற்றைப் பார்த்த பிறகுதான் அந்தப் பாலம் ஏன் அவ்வளவு நீளம் என்று விளங்கியது. அங்கே தேம்ஸின் வாய் அகன்று ஆழமில்லாமல் கிடக்கிறது. வற்றினால் தண்ணீர் ஒரு மைல் தூரம் பின்னுக்குப் போய்விடும். லண்டனில் இருந்து நீராவிக் கப்பலில் வருகிற சனத்தை இறக்குவது எப்படி? கப்பல் கரைக்கு வராது என்றால் கரைதான் கப்பலிடம் போக வேண்டும். 1830இல் மரப்பாலமாகத் திறந்தார்கள். நீட்டிக்கொண்டே போனார்கள். இப்போது இருக்கிற இரும்புப் பாலம் 1889இல் திறந்தது. 2 கிலோமீட்டருக்கும் மேலே நீளம், உலகத்திலேயே இதுதான் நீளமான உல்லாசக் கடல்பாலம். மேலே ஒரு சின்ன ரயிலே ஓடுகிறது.

அன்றைக்கு நாங்கள் ரயிலுக்குக் காசு கொடுக்காமல் நடந்தே முனைக்குப் போனோம். போய்ச் சேர்ந்தபோது அங்கே தண்ணீர் இருந்தது. அந்த இடத்தில் நின்று புட்டைச் சாப்பிட்டோம். எத்தனையோ நல்ல கடல் பிறகு பார்த்துவிட்டேன். சவுத்எண்டுக்கு இன்னும் வருசத்துக்கு இரண்டு தரம் போகிறேன்.

அந்தப் பாலம் 1959, 1976, 1995, 2005 என்று நாலு தரம் தீப்பிடித்தது. 1986இல் ஒரு கப்பல் மோதி நடுவாலே அறுத்துக்கொண்டு போனது. அப்படியும் விட்டுவிடவில்லை, இன்னும் நிற்கிறது.

மெரினா97 (சனி, இரவு 11.02)

எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. படிக்க வந்த முதல் வருஷம் பிரைட்டன் போனேன். கால் வைத்தால் கூழாங்கல், தண்ணீரில் வைத்தால் ஐஸ். ஜூலையில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு நடக்கிற சுகம் இதில் எங்கே? பழசு என்பதாலேயே நல்லது என்று ஆகிவிடுமா?

தறிக்காரன் (ஞாயிறு, காலை 7.15)

தம்பி, குளிப்பதற்காக மட்டும் அங்கே யாரும் போகவில்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பிரஸ்டனில் இருக்கிறேன். பிளாக்பூல் அரை மணி நேரம். சுற்றிலும் பழைய பஞ்சாலை ஊர்கள்: பிளாக்பர்ன், பர்ன்லி, போல்டன், ஓல்டம். இங்கே வேக்ஸ் வாரம் என்று ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்தில் ஒரு வாரம் ஒரு ஊரின் ஆலைகள் மொத்தமும் மூடிவிடும். கொதிகலனைச் சுத்தம் செய்யவும் இயந்திரத்தைப் பழுது பார்க்கவும் அந்த வாரம். ஒவ்வொரு ஊருக்கும் வேறு வேறு வாரம். அப்போது ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறிவிடும். புகைபோக்கியில் புகை இல்லாமல், தெருவில் ஆள் இல்லாமல் ஒரு வாரம் கிடக்கும். அந்த ஜனம் முழுக்க பிளாக்பூலில் இருக்கும். 1846இல் அங்கே ரயில் வந்ததிலிருந்து இதுதான் கதை. பக்கத்து வீட்டுக்காரரே கடற்கரையிலும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்ததே 1938இல்தான். அதனால் நம்மூரில் சீட்டுக் கட்டுகிற மாதிரி வருஷம் பூரா வாராவாரம் காசு போட்டு வைத்து, அந்த ஒரு வாரத்தில் எடுத்துச் செலவழித்தார்கள். தங்கும் விடுதிகளைப் பெண்கள்தான் நடத்தினார்கள். பல விடுதிகளில் சாப்பாட்டுச் சாமானை விருந்தாளியே வாங்கிக் கொடுக்க வேண்டும், அந்த அம்மா சமைத்துப் போடுவார். மேசையில் வைக்கிற உப்பு, மிளகுக்குக்கூடத் தனியாகக் காசு வாங்கிய வீடுகள் உண்டு.

இவ்வளவு கஷ்டப்பட்டு வருகிற ஜனத்துக்கு அந்த ஊர் என்ன கட்டிக்கொடுத்தது என்று பாருங்கள். 1879இலேயே எட்டு மின்விளக்குகளைக் கம்பத்தில் ஏற்றி இரவைப் பகலாக்கிக் காட்டினார்கள். 1894இல் 158 மீட்டர் கோபுரம். கோபுரத்தின் அடியில் ஒரு நடன அரங்கம். கூரையில் ஓவியம், மாடம் மாடமாகத் தங்க முலாம், மரத்துண்டுகளை இழைத்துப் பதித்த தரை. அரண்மனையில் இருக்க வேண்டியதைத் தறியில் நிற்கிறவர்களுக்காகக் கட்டினார்கள். வெயில் காலம் முடிந்தாலும் ஆட்கள் வர வேண்டும் என்றுதான் இலையுதிர் காலத்தில் கடற்கரைச் சாலை நெடுக விளக்கு போடுகிறார்கள். இன்றைக்கும் போடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி. லங்காஷயர் துணி நம்மூர் நெசவை என்ன பாடு படுத்தியது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு புதன்கிழமை மதியம் அந்த அரங்கில் ஆர்கன் வாசிக்க, எழுபது எண்பது வயதுக்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் துணியை நெய்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். வருஷத்துக்கு ஒரு வாரம்தான் அவர்களுக்குக் கிடைத்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பிளாக்பூல் மணலில் சவாரி போகிற கழுதைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தெரியுமா? நகராட்சி விதியிலேயே இருக்கிறது.

நாஞ்சில்காரி (ஞாயிறு, மதியம் 1.30)

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் நீங்கள் எல்லோரும் கோடையில் வந்து போகிறவர்கள். நான் லிங்கன்ஷயர் கரையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன், இது ஆறாவது வருஷம். நவம்பரில் ஒரு தடவை இங்கே வந்து பாருங்கள்.

கடற்கரைச் சாலையில் பாதிக் கடைக்கு ஷட்டர் இறங்கியிருக்கும். கோடையில் ஐஸ்கிரீம் விற்ற பிள்ளைக்குக் குளிர்காலத்தில் வேலை இருக்காது. தறிக்காரன் அண்ணா சொன்ன அந்த விடுதிகள் இப்போது என்னவாக இருக்கின்றன? 1960களிலிருந்து ஜனம் விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கியது. விடுதிகள் காலியாயின. ஒவ்வொரு அறையையும் தனித்தனி வீடாக்கி, வேறு எங்கும் வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு விட்டார்கள். ஈரம் ஏறிய சுவர், ஒரு அறை, ஒரு மின் அடுப்பு. அந்த அறைகளிலிருந்துதான் எங்களிடம் இருமிக்கொண்டு வருகிறார்கள். ரயிலையும் எடுத்துவிட்டார்கள். மேபிள்தோர்ப்பில் 1970க்குப் பிறகு ரயில் கிடையாது.

எஸ்ஸெக்ஸில் ஜேவிக் என்று ஒரு ஊர். லண்டன்காரர்கள் கோடையில் வந்து தங்க 1930களில் போட்ட சின்னச் சின்ன மரவீடுகள். போருக்குப் பிறகு வீடில்லாதவர்கள் அதிலேயே குடியேறினார்கள். 2010, 2015, 2019 என்று மூன்று அரசுக் கணக்கெடுப்பிலும் இங்கிலாந்திலேயே மிகவும் பின்தங்கிய பகுதி அதுதான். 2021இல் தலைமை மருத்துவ அதிகாரி தன் ஆண்டறிக்கை முழுவதையும் கடற்கரை ஊர்களின் உடல்நலத்தைப் பற்றித்தான் எழுதினார். நோய் இங்கே அதிகம், வேலைக்கு வருகிற டாக்டரும் நர்ஸும் குறைவு. என் வார்டில் மலையாளம் கேட்கும், தமிழ் கேட்கும், பிலிப்பைன்ஸ்காரர்களின் தகலோக் கேட்கும். எங்களை நம்பித்தான் ஓடுகிறது.

அதனால்தான் "அப்படியே பழைய மாதிரி இருக்கிறது" என்று யாராவது ஆசையாகச் சொன்னால் எனக்கு வலிக்கும். மாற்றக் காசில்லாமல்தான் அது அப்படியே இருக்கிறது.

நெய்தல் (ஞாயிறு, மாலை 4.10)

நாஞ்சில்காரி, நீங்கள் சொன்னது மனசில் தைத்தது. நான் நல்ல வெயிலில் போய் நல்லதை மட்டும் பார்த்துவிட்டு வந்தவள்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். காசு வந்தால் என்ன ஆகிறது? மார்கேட்டில் 2011இல் டர்னர் கலைக்கூடம் வந்தது. 1920இல் கட்டிய மர ரோலர் கோஸ்டரைப் பழுது பார்த்து ஓட்டினார்கள். ஊருக்கு உயிர் வந்தது, சந்தோஷம். கூடவே லண்டனிலிருந்து ஆட்கள் குடிவர, வாடகை ஏறியது, அங்கேயே பிறந்தவர்கள் திண்டாடுகிறார்கள். சவுத்வோல்டில் கடற்கரையோர மரக்குடில் ஒன்று ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போகிறது. குழாய்த் தண்ணீர் கிடையாது, நம் வீட்டுப் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். எல்லோருக்குமாக இருந்த இடம் அப்படியும் கைநழுவிப் போகிறது.

ஆனால் காசில்லாததால் மட்டும் பழசு நிற்கவில்லை என்றும் சொல்வேன். கிளீவ்டன் கடல்பாலம் 1869இல் கட்டியது. 1970இல் பாரம் ஏற்றிச் சோதித்தபோது ஒரு பகுதி கடலில் விழுந்துவிட்டது. இடித்துத் தள்ளிவிடலாம் என்றார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. வருஷக்கணக்காகப் போராடி, காசு திரட்டி, 1989இல் மறுபடி திறந்தார்கள். சால்ட்பர்னில் மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்க 1884இல் போட்ட தூக்குவண்டி இன்னும் தண்ணீர் எடையில்தான் ஓடுகிறது. மேலே நிற்கிற வண்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் அது கனத்து இறங்கும், கீழே இருக்கிறது மேலே ஏறும். அதை யாரோ தினமும் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்களே.

பாகுபதம் (ஞாயிறு, இரவு 8.45)

முதல் தடவை இங்கே எழுதுகிறேன். கடற்கரை மிட்டாய்க் கடையில் இரண்டு கோடை வேலை பார்த்தவன். ராக் என்கிற மிட்டாய்க் குச்சி எல்லோருக்கும் தெரியும். எங்கே ஒடித்தாலும் உள்ளே ஊர்ப் பெயர் இருக்கும். அது எப்படி என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் 145 டிகிரி சுமாருக்குக் கொதிக்கும். குளிரூட்டிய இரும்பு மேசையில் கொட்டுவார்கள். கம்பளம் மாதிரி பரவி இறுகும்போதே மூன்றாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கில் சிவப்பு, எழுத்துக்கு. ஒரு பங்கில் ரோஜா நிறம், மேல் தோலுக்கு. பெரிய பங்கை இழுக்கிற இயந்திரத்தில் மாட்டுவார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது இழுக்க இழுக்கக் காற்றேறிப் பட்டுப்போல வெள்ளையாகும். நம்மூர் ஜவ்வுமிட்டாய்த் தாத்தா கம்பில் சுற்றி இழுத்து இழுத்துக் கைக்கடிகாரம் செய்து கட்டிவிடுவாரே, அதே இழுவைதான்.

அப்புறம் எழுத்து கட்டுவது. பேனாவும் கிடையாது அச்சும் கிடையாது. சிவப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை என்று வெட்டி அடுக்கி, நாலைந்து அடி நீளத்துக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கட்டுவார்கள். ஆங்கில எல், கே மாதிரி கோடாக இருக்கிற எழுத்துகள் முதலில். ஓ, சி மாதிரி வட்டமானவை கடைசியில். பாகு இன்னும் இளக்கமாக இருப்பதால் வட்டம் சப்பையாகிவிடும். அதனால் ஊர்ப் பெயரை வரிசையாகக் கட்ட முடியாது, மனக்கணக்காக வைத்திருக்க வேண்டும். எல்லா எழுத்தையும் வட்டமாகச் சேர்த்து, நடுவில் வெள்ளை, மேலே ரோஜாத் தோல். அப்போது அது ஒரு ஆள் பருமன் உருளை, இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்கலாம். அதை உருட்டிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் விரல் பருமனுக்குக் கயிறாக வரும், உள்ளே எழுத்தும் அதே அளவுக்குச் சுருங்கி வரும். ஆறுவதற்குள் வெட்ட வேண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பதினைந்து வயதில் இந்த வேலைக்கு வந்தவர். விரல் நுனியில் சூடு தெரியாது அவருக்கு. என்னை ஒரே ஒரு தடவை ஓ கட்ட விட்டார். கோணலாகத்தான் வந்தது. அந்தத் தொகுதியை விற்கவும் செய்தார்.

மெரினா97 (ஞாயிறு, இரவு 10.20)

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கல்லையும் குளிரையும் மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை ரூமில் இருக்கிற ஆறு பேர் சேர்ந்து எங்காவது போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். குளிக்கவும் ஆசை. எங்கே போகலாம்?

வல்வை மைந்தன் (ஞாயிறு, இரவு 10.50)

தம்பி, போங்கோ. ஆனால் ஒன்று கேளுங்கோ. 2016 ஆகஸ்டில் கேம்பர் சாண்ட்ஸில் ஒரே நாளில் லண்டன் தமிழ்ப் பெடியள் ஐந்து பேர் இறந்துபோனார்கள். தண்ணீர் வற்றிக் கிடந்த மணல் திட்டில் விளையாடப் போனவர்கள். அந்த மாதிரி இடத்தில் பெருக்கு முன்னால் இருந்து மட்டும் வராது. முதுகுப் பக்கத்துப் பள்ளத்தில் சத்தமில்லாமல் நிறைந்துவிடும், கரைக்கும் உங்களுக்கும் நடுவில் ஆழம் வந்துவிடும். அன்றைக்கு அங்கே உயிர்காப்பாளர் இல்லை. பிறகுதான் போட்டார்கள். நீந்தத் தெரியும் என்று நினையாதையுங்கோ. வற்று, பெருக்கு நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கோ. உயிர்காப்பாளர் நட்டு வைக்கிற சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிக்கு நடுவில் மட்டும் இறங்குங்கோ.

இடம் கேட்டால் நான் சவுத்எண்ட் என்றுதான் சொல்லுவேன். பாலத்தில் போகும்போது நடந்து போங்கோ, வரும்போது ரயிலில் வாங்கோ. சில்லறையாக 2 பென்ஸ் கொஞ்சம் கொண்டு போங்கோ, காசு தள்ளுகிற மெசினுக்கு. இந்தா விழுகிறது, இந்தா விழுகிறது என்று விளிம்பில் தொங்கும். ஒரு பவுண்டுக்கு மாற்றினால் ஆறு பேரும் அரை மணித்தியாலம் நிற்கலாம்.

நாஞ்சில்காரி (செவ்வாய், இரவு 9.05)

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதியதெல்லாம் உண்மைதான், மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்னொன்றும் உண்மை.

நான் வாடகைக்கு இருக்கிற வீடு பழைய விடுதிதான். வீட்டுக்காரம்மாவுக்கு 88 வயது. கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். இந்த இழையை நேற்று அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். அவர் அம்மா நடத்திய விடுதியை அவரும் நடத்தியிருக்கிறார். சனிக்கிழமைதான் கொடுமை என்றார். காலை பத்து மணிக்குப் பழைய ஆட்கள் கிளம்புவார்கள், மதியம் ரயிலில் புது ஆட்கள் வந்துவிடுவார்கள். இடையில் பதினோரு அறை. படுக்கை விரிப்பைக் கழற்றி, துவைத்து, இஸ்திரி போட்டு, விரித்து, சூப் கொதிக்க வைக்க வேண்டும். பிள்ளைகள் பத்து வயதிலேயே தலையணை உறை மாட்டும் வேலைக்கு வந்துவிடும். போகிறவர்கள் வாசலில் நின்று அடுத்த வருஷத்துக்கும் அதே அறையைச் சொல்லிவிட்டுத்தான் போவார்களாம். ஒரு குடும்பம் இருபத்திரண்டு வருஷம் வந்ததாம், அதே மாடி அறைக்கு.

எங்கள் கரையில் கிழக்குக் காற்று எலும்பு வரைக்கும் போகும். 1908இல் ரயில்வே கம்பெனி ஸ்கெக்னெஸ்ஸுக்குப் போட்ட விளம்பரத்தில் ஒரு குண்டு மீனவர் துள்ளிக் குதித்துக்கொண்டு இந்தக் காற்று உடம்புக்கு எவ்வளவு தெம்பு என்று சொல்வார். அதை வரைந்த ஓவியர் ஊரை நேரில் பார்த்தது 1936இல்தான். வீட்டுக்காரம்மா சமையலறையில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. அதைக் காட்டி, "காற்றைப் பற்றி யாரும் எங்களிடம் குறை சொன்னதே இல்லை" என்றார். வந்தவர்கள் எல்லாம் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்தவர்களாம்.

தறிக்காரன் அண்ணாவுக்கு ஒரு சேதி. உப்பு, மிளகுக்குக் காசு வாங்கினார்கள் என்று நீங்கள் எழுதியதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அம்மா காலத்திலும் சரி, தன் காலத்திலும் சரி, தங்கள் வீட்டில் உப்புக்கு ஒரு பென்னிகூட வாங்கியதில்லை என்று கட்டாயம் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.